ஜனவரி என்று எழுது

மேற்குத் தாம்பரம்,
28.10.1988.

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன்னையும் உன் வயிற்றில் இருக்கிறதையும் எட்மண்ட் தம்பியையும் கர்த்தர் தம் கண்மணிபோல் காக்க வேண்டும். இங்கே நானும் உன் அத்தானும் ஷீபாவும் சுகம். சுகம் என்றால் யாருக்கும் காய்ச்சல், சளி இல்லை என்று எடுத்துக்கொள்.

கவர் கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு காகிதம். ஜனவரியில் உங்கள் பரோடாவில் ஒரு மாதம் ஓவியப் பட்டறை நடக்கிறது. அதற்கு நான் வர வேண்டும். இந்த வீட்டிலிருந்து கிளம்ப எனக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது உன் கையில் இருக்கிறது. என்ன வழி என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. கதைப் புத்தகத்தின் முடிவை முதலில் படித்துவிடும் புத்தி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வரிசையாகப் படி.

என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. பெண் பார்க்க வந்த அன்று, ‘எங்க ரத்தினம் படத்துல எப்பவும் நூத்துக்கு நூறு’ என்று அம்மா பெருமையடித்தாள். மாப்பிள்ளை விலங்கியல் லெக்சரர் என்பதை அவள் யோசிக்கவில்லை. அம்மா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். கல்யாணமான மறு வாரமே உன் அத்தான் ஒரு தவளைப் படத்தைக் கொண்டுவந்து இதைப் பார்த்து வரை என்றார். பதினோரு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். அவருடைய செய்முறை விலங்கியல் கைடில் உள்ள இருநூற்றுச் சொச்சம் படமும் நான் போட்டதுதான். அது போதாதென்று அவரிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு வேறு. டிசம்பர் பிறந்துவிட்டால் கட்டிலுக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, எங்கே திரும்பினாலும் பழுப்பு அட்டை நோட்டுதான். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். சென்னைக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் கடற்கரையைவிடத் தவளையின் குடலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. விரலால் தேய்த்து நிழல் போடக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும். பாகம் குறிக்கிற கோட்டை ஸ்கேல் வைத்து வலது பக்கமாக இழுக்க வேண்டும், ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. கடைசியில் மூலையில் பொடி எழுத்தில் ‘த. சி.’ என்று உன் அத்தான் தனசிங்கின் பெயரைப் போட வேண்டும். அச்சுக்குப் பிளாக் செய்கிற இடத்தில் பல பேருடைய படம் கலந்து கிடக்குமாம், அதற்காக ஆரம்பித்த வழக்கம். பிறகு எனக்கே அது கைப்பழக்கமாகிவிட்டது. ஷீபாவுக்குப் பூனை போட்டுக் கொடுத்தால்கூட வாலுக்குப் பக்கத்தில் ‘த. சி.’ வந்து உட்காரும்.

காலாண்டு விடுமுறையில் சேலையூர்ப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் ஓவியர்களுக்கு மூன்று நாள் முகாம் நடந்தது. அதற்கு நோட்டீஸ் அடித்தவர் எங்கள் கைடை அச்சடிக்கும் ஜெபராஜ். மை தொட்டு வரைய அங்கே சொல்லிக்கொடுப்பார்கள், உங்கள் வீட்டம்மா கற்றுக்கொண்டால் இரண்டாம் பதிப்பில் படமெல்லாம் பளிச்சென்று வரும் என்று அவர் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். உடனே எனக்கு உத்தரவாகிவிட்டது. பெயரையும் ஜெபராஜே கொடுத்தார், ‘தனசிங், விலங்கியல்’ என்று. காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை நாலு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். சரி, மூன்று நாள் மத்தியானம் மட்டும் சமையல் இல்லை என்ற சந்தோஷத்தில்தான் போனேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

முதல் நாள் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். இருபத்துமூன்று பேர். ஒருவர் பஸ் கண்டக்டர், டிக்கெட் கட்டின் அட்டையில் வாட்டர் கலர் போடுகிறவர். குரோம்பேட்டை காந்திமதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறாள், விடுமுறையில் மரக்கட்டையைச் செதுக்கி அச்செடுக்கிறாள். ஒவ்வொருவரும் என்னென்னவோ பேசினார்கள். என் முறை வந்தபோது, நான் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போடுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, அவர்கள் எல்லோருமே ஒரு காலத்தில் யாருக்காவது ரெக்கார்டு போட்டுக்கொடுத்தவர்கள்தானாம். கண்டக்டர் எழுந்து, ‘செம்பருத்தி குறுக்குவெட்டுன்னா நம்மளக் கேளுங்க மேடம்’ என்றார். ஜோதி, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் அழ என்ன இருக்கிறது சொல்லு. ஆனால் வந்தது.

இரண்டாம் நாள் முகாமை நடத்துகிற தட்சிணாமூர்த்தி சார், கண்ணெதிரே இருக்கிற எதையாவது ஒரு நாள் முழுக்கப் பார்த்து வரையுங்கள் என்றார். எல்லோரும் தோப்புக்குள் போய்விட்டார்கள். எனக்கு மரத்தடியில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, கால் தானாக அடுப்படிக்குப் போயிற்று. அங்கே சமையலுக்கு வந்த கிளியம்மாள் அருவாமனையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையையும் போட ஆரம்பித்தேன். புள்ளி புள்ளியாக வைத்து முடித்ததும் கையே ஸ்கேலைத் தேடியது. வலது பக்கம் கோடு இழுத்துவிட்டேன். அப்புறம்தான் விழித்தேன். தவளைக்கென்றால் எழுதப் பெயர் இருக்கிறது, இவள் கைக்கு என்ன எழுதுவது? அவளையே கேட்டேன்.

மணிக்கட்டுக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. அது என்ன என்றதற்கு, ‘அதுவா, கல்யாணத்தன்னிக்கி சோறு வடிக்க சொல்லோ கஞ்சி கொட்டிகிச்சிம்மா, எனுக்குத்தான் கல்யாணம், நான்தான் வடிச்சேன்’ என்றாள். கோட்டின் முனையில் ‘கஞ்சி கொட்டியது, தன் கல்யாணத்தில்’ என்று எழுதினேன். சுண்டுவிரல் மடங்கியே இருந்தது. அவள் வீட்டுக்காரன் கதவை அறைந்து சாத்தியபோது நசுங்கியதாம். விரலில் வெளுத்த வளையம் ஒன்று, ‘மோதிரம் இருந்த இடம்’. இப்படிப் பதினாறு கோடு. ஒன்றுகூட இன்னொன்றை வெட்டவில்லை. முடித்ததும் கிளியம்மாள் எட்டிப் பார்த்து, ‘இன்னாம்மா, தவளைய அறுக்கற மாரி என்னையும் அறுத்து வெச்சிட்டியே’ என்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பதினாறும் முடிந்தபின் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

தட்சிணாமூர்த்தி சார் திட்டப்போகிறார் என்றுதான் இருந்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள் என்றார். காந்திமதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இதைச் செம்புத் தகட்டில் கீறி அச்செடுக்க வேண்டும் அக்கா, புள்ளி வைக்கிற கைக்கென்றே உண்டான வேலை அது என்றாள். சாப்பிடும்போதுகூட அதையேதான் பேசினோம். மனுஷர்களையே ரெக்கார்டு நோட்டாகப் போட்டால் எப்படி இருக்கும்? நோட்டீஸ் அடிக்கிற ஜெபராஜ், பால் ஊற்றுகிறவர், ஆலயத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எனக்கு அப்படி ஒரு யோசனை வரும் என்று எனக்கே தெரியாது! வீட்டுக்கு நடந்து வரும்போது எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோருடைய படத்தையும் சுவரில் மாட்டி விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். நாலு மணிக்கு நான் கிளம்ப வேண்டியதாயிற்று. காந்திமதி இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள் என்று கெஞ்சினாள். முடியாது என்றேன். ஐந்து மணிக்கு பரோடாவிலிருந்து ஓர் அம்மா வந்து பார்த்தார்களாம், அங்கே பட்டறை நடத்துகிறவர்கள். நான் அப்போது வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

(நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மூன்று டியூஷன் பெண்கள் மண்புழு ரெக்கார்டோடு வந்துவிட்டார்கள். மழை வேறு, தெருவில் முழங்கால் தண்ணீர். அறுப்பின் பண்டிகையைத் தள்ளிவைக்கலாமா என்று ஆலயத்தில் பேசிக்கொள்கிறார்கள். இன்று அத்தான் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், முடித்துவிடுகிறேன்.)

அக்டோபர் பத்தாம் தேதி பரோடாவிலிருந்து கடிதம் வந்தது. திரு. தனசிங் அவர்களுக்கு என்று. உங்கள் ‘சமையல்காரியின் கைகள்’ மனத்தைவிட்டுப் போகவில்லை, ஜனவரி ஒன்பதிலிருந்து பிப்ரவரி நாலு வரை எங்கள் பட்டறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம், நீங்கள் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்தான் கிளம்பிவிட்டேனே, படத்தில் ‘த. சி.’, பதிவேட்டில் ‘தனசிங்’. அந்த அம்மா வேறு யாரென்று நினைப்பார்கள்? பாழாய்ப்போன என் கை செய்த வேலை.

உன் அத்தானுக்கு ஒரே குஷி. ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, ‘பாத்தியா, உன் கைவண்ணம் பரோடா வரைக்கும் போயிருச்சு’ என்று என்னிடமும் கொடுத்தார். மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சாப்பிடும்போது நான், அது என் படம்தானே, நான் போகட்டுமா என்று கேட்டேன். சாம்பாரில் உப்பில்லை என்பதுபோல் தட்டையும் என்னையும் பார்த்தார். ‘ஜனவரிலயா? ரெக்கார்டு சீசன், செகண்ட் எடிஷன் ப்ரூஃப் வேற. ஒரு மாசம் யாரு பாப்பா? அடுத்த வருஷம் பாப்போம் ரத்தினம்’ என்றார். என் பெயரையாவது எழுதி அனுப்புங்கள் என்றேன். ‘உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு? நாம வேற வேறயா?’ என்று சிரித்தார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அன்பாகச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? கல்லூரிப் பணி காரணமாக வர இயலவில்லை என்று அவரே பதில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்தார்.

ஸ்டாம்பு ஒட்டினேன். போடவில்லை. என் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆலயத்துக்கு வருகிறது, என்னோடு திரும்பி வருகிறது. பாட்டுப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அது விழுந்துவிடாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொள்கிறேன்.

காந்திமதியிடம் அழுதேன். அவள் சும்மா இருக்கிறவள் இல்லை, அந்த அம்மாவுக்கு எழுதி விஷயத்தை விளக்கிவிட்டாள். பதில் அவள் விலாசத்துக்கு வந்திருக்கிறது. திருமதி ரத்தினபாய்க்கு இடம் வைத்திருக்கிறோம், நவம்பர் இருபதுக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்று. என் பெயரை யாரோ டைப் அடித்து அன்றுதான் பார்த்தேன். காந்திமதியும் போகிறாள். என் ஒருத்திக்குத்தான் பதில் சொல்ல வாயில்லை.

அன்றைக்கு ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் என் கையையே போட்டுப் பார்த்தேன். பத்துக் கோடு இழுத்தேன். ஒரு கோட்டுக்குக்கூட எழுத வார்த்தை வரவில்லை. கிளியம்மாளுக்குப் பதினாறு வந்தது, எனக்கு ஒன்றுகூட வரவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன். முகாமுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த வீடு இவ்வளவு சின்னது என்று தெரிந்திருக்காது. இப்போது சமையலறையில் நின்றால் மூச்சு முட்டுகிறது ஜோதி. நோட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது கேட்டைத் திறந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உன் பிரசவத்துக்கு நான் வர வேண்டும் என்று போன மாதம் சொன்னபோது, நான் பேசி முடிக்குமுன்னே அத்தான், ‘போகாம எப்படி? அம்மா இல்லாத பொண்ணு, நீதான போகணும்’ என்றார். பல்லாவரத்திலிருந்து செல்வமேரி அண்ணி வந்து ஷீபாவையும் சமையலையும் பார்த்துக்கொள்வதாக அவரே ஏற்பாடு செய்துவிட்டார். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கிளம்பு என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினோரு வருடத்தில் இந்த வீட்டில் எனக்கு இவ்வளவு சுலபமாக எதுவும் கிடைத்ததில்லை.

டாக்டர் உனக்குச் சொன்ன தேதி பிப்ரவரி இருபத்தாறு. அது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இன்லண்ட் கடிதத்தின் மடிப்பில் நீ எழுதியிருந்ததை அவருக்கு நான் படித்துக்காட்டவில்லை. அப்போது எதையும் மனதில் வைத்துச் செய்யவில்லை, பெண்கள் சமாசாரம் என்று விட்டேன், சத்தியமாக. நீ இப்போது அத்தானுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். டாக்டர் ஜனவரி இருபது என்கிறார், அக்காவை முதல் வாரமே அனுப்பிவையுங்கள் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். நான் வந்து உன்னோடு இருப்பேன். பகலில் பட்டறைக்குப் போய்விட்டு மாலையில் உனக்குச் சமைப்பேன், உன் கால் பிடித்துவிடுவேன். பிப்ரவரி நாலோடு பட்டறை முடிகிறது, பிறகு முழுக்க உன்னுடையவள். டாக்டர் கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் அத்தான் கோழிமுட்டைக்குள் குஞ்சு எத்தனையாவது மணியில் எப்படி இருக்கும் என்று பாடம் எடுக்கிறவர்தான், ஆனால் மனுஷக் குழந்தைக்கு மாதக் கணக்கென்றால் செல்வமேரி அண்ணியைக் கூப்பிடுவார். வந்த பிறகு உன்னை அந்த நிலைமையில் விட்டுவிட்டுத் திரும்பி வா என்று சொல்லமாட்டார். அதில் அவர் நல்ல மனுஷர்.

என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன், ஜோதி. ஜனவரி இருபது உனக்கு எட்டாம் மாதம். போன தடவை எட்டாம் மாதத்தில்தான் அது நடந்தது. நீ ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு, அந்த மாதம் எப்போது தாண்டும் என்று பயந்துகொண்டிருப்பாய். உன் கையாலேயே அந்த மாதத்தில் பிறக்கும் என்று எழுதச் சொல்கிறேன். வேறு யாராவது உன்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் நானே அவர்களைக் கிழித்திருப்பேன்.

இதைக் கேட்பதற்குமுன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று தந்தி கிடைத்தும் நான் மூன்று நாள் தாமதமாக வந்தேனே, ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மறுநாளே வண்டியில் இடம் இருந்தது. பதினான்கு ரெக்கார்டு பாக்கி இருந்தது. பிள்ளைகளுக்கு எக்ஸாம், முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார் அத்தான். நான் முடியாது என்று சொல்லவில்லை. உட்கார்ந்து புள்ளி வைத்தேன். நீ ஆஸ்பத்திரியில் வெறும் கையோடு படுத்துக்கொண்டு அக்கா எங்கே, அக்கா எங்கே என்று கேட்டதாக எட்மண்ட் தம்பி பிறகு சொன்னார். இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு வருடமாகத் தெரியவில்லை. அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. அன்று முடியாது என்று சொல்லத் தெரியாத நான் இன்று உன் தலையில் பாரத்தை ஏற்றுகிறேன், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தானுக்கு எழுதுவதைத் தனியாக வீட்டு விலாசத்துக்குப் போடு. எனக்கு எழுதுவதைக் காந்திமதி விலாசத்துக்குப் போடு, அதைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எட்மண்ட் தம்பி உன் புருஷன், அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

கை வராவிட்டால் பிப்ரவரி என்றே எழுது. காரணம் ஒன்றும் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்கக் கூடாது. அந்தத் தேதியைப் பார்த்ததும் நான் புரிந்துகொள்வேன், புத்தகத்துக்குள் இருக்கிற கவரைத் தபாலில் சேர்த்துவிடுவேன். பிப்ரவரியில் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பேன், இந்தப் பேச்சை நாம் இரண்டு பேருமே எடுக்க வேண்டாம். உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இருக்காது. இருந்தாலும் உனக்குத் தெரியவிடமாட்டேன்.

வெயிலில் அலையாதே. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இடது பக்கமாகவே படு.

உன் பிள்ளை நிறைமாதம் தங்கி, அதற்கென்று குறித்த நாளில், வீறிட்டு அழுதுகொண்டு வர வேண்டும். ஆண்டவரிடம் நான் முழங்காலில் நின்று கேட்பது இது ஒன்றுதான். மற்றதை அவரிடம் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உன் அக்கா,
ரத்தினபாய்